முதல் ஆர்வி பயணம்: லாஸ் வேகாஸில் ஏறி, கிராண்ட் கேன்யன் பார்த்துத் திரும்பும் வரை

ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து அமெரிக்காவின் மேற்குப் பக்கம் சுற்ற நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் மேப்பைத் திறந்து ஊர்களைக் குறிக்க ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அழகாக ஒரு வட்டம் போட்டு, ஒவ்வொரு நாளும் எங்கே சூரிய அஸ்தமனம் பார்ப்பது என்பது வரைக்கும் எழுதி வைத்தேன். அந்த வட்டத்தில் பாதி, என் வண்டி நுழையவே முடியாத ரோடு என்று வண்டியை எடுத்த பிறகுதான் தெரிந்தது. அதனால் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள்: முதலில் வண்டி, அப்புறம் அது போகக்கூடிய பாதை, அப்புறம் ராத்திரி நிறுத்துகிற இடம், பார்க்கிற இடமெல்லாம் கடைசியில்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பாதையை வைத்துக்கொண்டே சொல்கிறேன். லாஸ் வேகாஸ், யூட்டாவின் ஜயான், பிரைஸ் கேன்யன் என்ற இரண்டு தேசியப் பூங்காக்கள், அரிசோனாவில் பேஜ் என்கிற ஊர், கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு, மறுபடி லாஸ் வேகாஸ். மொத்தம் 900 மைலுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஒன்பது நாள் இருந்தால் நிம்மதி, ஏழு நாளில் முடிப்பவர்களும் உண்டு, ஆனால் அவர்களுக்கு வண்டியின் ஸ்டியரிங்தான் அதிகம் ஞாபகம் இருக்கும்.

படி 1: வண்டியைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வகை. பஸ் மாதிரி தட்டையான முகத்தோடு இருப்பது கிளாஸ் ஏ. வேன் மாதிரி இருப்பது கிளாஸ் பி. டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டு இருக்குமே, அது கிளாஸ் சி, வாடகைக்குப் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். இரண்டு பேர் என்றால் யோசிக்காமல் கிளாஸ் பி எடுங்கள், வாடகை கூடுதலாக இருந்தாலும் சரி. குழந்தைகளோடு நாலு பேர் என்றால் 25 அடி கிளாஸ் சி போதும். 30 அடி எடுத்தால் உள்ளே சௌகரியம், வெளியே தலைவலி.

இந்த வண்டிகளை ஓட்ட சாதாரண கார் லைசென்ஸே பெரும்பாலான மாநிலங்களில் போதும், 26,000 பவுண்டைத் தாண்டினால்தான் சில இடங்களில் வேறு விதி. ஆனால் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் கவனம். உங்கள் கார் இன்ஷூரன்ஸும் கிரெடிட் கார்டு தருகிற வாடகைக் காப்பும் மோட்டார் ஹோமுக்குப் பெரும்பாலும் செல்லாது. ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் தேடிப் படியுங்கள், கூரையில் படும் அடிக்குப் பல திட்டங்களில் காப்பு கிடையாது. ஏன் என்று அடுத்த படியில் புரியும்.

விலை பார்க்கும்போது ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடுகிற மணிக்கு இவ்வளவு, பாத்திரம் படுக்கைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக ஏறும். பெட்ரோல் கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும், ஆக நம் 900 மைலுக்கு 90 முதல் 113 கேலன் வரை போட வேண்டியிருக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கார் வாடகையும் மோட்டலும் மலிவாகத் தெரியலாம். பணம் மிச்சம் பிடிக்க ஆர்வி எடுக்காதீர்கள், அது அதற்கான வண்டி இல்லை.

படி 2: உயரம், அகலம், நீளம்

ஒரு சின்னத் தாளில் மூன்று எண்களையும் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். கூரையில் இருக்கும் ஏசியையும் சேர்த்து உயரம். கிளாஸ் சி என்றால் பதினோரு, பன்னிரண்டு அடி இருக்கும், அகலம் எட்டு அடிக்கு மேல், இதற்கு மேல் பக்கக் கண்ணாடிகள் வேறு. பெட்ரோல் பங்க்கின் கூரை, துரித உணவுக் கடையின் கார் வழி, மரக்கிளை, எல்லாவற்றுக்கும் இந்தத் தாள்தான் பதில் சொல்லும். போனில் இருக்கும் சாதாரண மேப் உங்களைக் கார் என்று நினைத்துத்தான் வழி சொல்லும்.

ஜயானில் இருந்து பிரைஸுக்கு மேப் காட்டுகிற வழி ஒரு குகைப்பாதைக்குள் போகிறது. ஜயான் மவுன்ட் கார்மல் சுரங்கம், 1930-ல் கட்டி முடித்தது, 1.1 மைல் நீளம். அந்தக் காலத்துக் கார்களுக்காகக் குடைந்தது. பெரிய வண்டி வந்தால் எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி, 15 டாலர் வாங்கிக்கொண்டு, நடு ரோட்டில் ஓட்டிப் போக விட்டார்கள் பல வருடமாக. அந்த ஏற்பாடு முடிகிறது, 2026 ஜூன் 7 முதல் பெரிய வண்டிக்கு அனுமதி இல்லை என்று பூங்கா அறிவித்தது. பெரிய வண்டி என்றால் 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலம், அல்லது 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரம், அல்லது 35 அடி 9 அங்குலத்துக்கு மேல் நீளம். 25 அடி வண்டிதானே, சின்னதுதானே என்று நினைப்பீர்கள், நீளத்தில் தப்பித்து அகலத்தில் மாட்டுவீர்கள். சாதாரண கிளாஸ் சி எதுவும் அந்த 7 அடி 10-க்குள் அடங்காது.

சரி, வழி என்ன? ஜயானில் இருந்து வந்த வழியே ஹரிகேன் ஊருக்குத் திரும்பி, 59-ம் எண் மாநில சாலையில் ஏறி, அரிசோனாவுக்குள் நுழைந்து ஃப்ரெடோனியா, அங்கிருந்து கனாப், அப்புறம் வடக்கே 89-ல் பிரைஸ். சுற்றுதான், ஆனால் ரோடு அகலம், நெரிசல் கிடையாது.

வேறு பாதை போடுகிறவர்களுக்கும் இதே கதை உண்டு. மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் கோயிங் டு தி சன் ரோட்டின் மலைப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ இருந்தால் போக முடியாது. தெற்கு டகோட்டாவில் நீடில்ஸ் ரோட்டில் ஒரு பாறைச் சுரங்கம், எட்டு அடிதான் அகலம். அங்கெல்லாம் ஆர்வியை கேம்ப்பில் விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸிலோ சின்ன வண்டியிலோ போவதுதான் ஒரே வழி.

படி 3: ஒரு நாளைக்கு எத்தனை மைல்

ஆர்விக்காரர்கள் மூன்று மூன்று மூன்று என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம், மதியம் 3 மணிக்குள் போய்ச் சேர், ஒரு இடத்தில் 3 நாள் தங்கு. புதிதாக ஓட்டுகிறவருக்கு 300 கூட அதிகம், நான் 200 என்பேன். ஆனால் அந்த 3 மணியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் நாள் நான் இருட்டின பிறகு போய்ச் சேர்ந்தேன். பின்பக்கமாக வண்டியை நுழைக்க வேண்டிய இடம், கையில் டார்ச்சோடு மனைவி ஒரு பக்கம் கத்த, நான் கண்ணாடியில் வெறும் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்து டென்ட்டில் இருந்து ஒருவர் எழுந்து வந்து உதவினார். உதவினாரா, சீக்கிரம் தூங்க வேண்டும் என்று வந்தாரா தெரியாது.

இந்தப் பாதையில் கடிகாரமும் விளையாடும். கோடையில் நெவாடாவில் இருந்து யூட்டாவுக்குள் போனால் ஒரு மணி நேரம் போய்விடும், யூட்டாவில் இருந்து பேஜுக்கு வந்தால் திரும்பக் கிடைக்கும், ஏனென்றால் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் 'கோடை நேரம்' அரிசோனாவில் கிடையாது. ஆனால் அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ தேசம் என்கிற பூர்வகுடி மக்களின் பகுதி கோடை நேரம் வைக்கிறது. பேஜ் அந்த எல்லையில் இருப்பதால் போன் அங்கும் இங்கும் தாவும். பேஜ் பக்கத்தில் இருக்கும் ஆன்டிலோப் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்கு டிக்கெட் எடுத்திருந்தால் அது எந்த நேரம் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ராத்திரி இடம்

தேசியப் பூங்கா கேம்ப்கிரவுண்ட்களுக்கு ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு. ஜயானில் வாட்ச்மேன் என்ற கேம்ப்புக்குப் பதிவு ஆறு மாதம் முன்னால் திறக்கும், திறந்த காலையிலேயே தீரும். மின்சார இணைப்பு உள்ள இடங்கள் இருக்கின்றன, அங்கே ஜெனரேட்டர் போடக் கூடாது. பிரைஸ் பூங்காவுக்குள் இருக்கும் இரண்டு கேம்ப்பிலும் மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் என்று இணைப்பு எதுவும் கிடையாது. பேஜ் பக்கம் பவல் ஏரிக்கரையில் வாவீப்பில் இணைப்பு உண்டு. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜில் எல்லா இணைப்பும் உண்டு, பக்கத்தில் இருக்கும் மேதரில் எதுவும் இல்லை, 30 அடிக்கு மேல் வண்டியும் விட மாட்டார்கள்.

இணைப்பு உள்ள ராத்திரி, இல்லாத ராத்திரி என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் ராத்திரி கட்டாயம் எல்லா இணைப்பும் உள்ள இடமாக இருக்கட்டும். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் லாஸ் வேகாஸ் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

மாதம்? மே, செப்டம்பர், அக்டோபர். ஜூலையில் இந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். மே மாதத்திலும் பிரைஸில் ராத்திரி தண்ணீர் உறையலாம், 8,000 அடி உயரம் அது. அப்படி உறைகிற ராத்திரியில், தண்ணீர் இணைப்பு உள்ள இடத்தில் நின்றாலும், வெளிக் குழாயைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு டாங்க் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

படி 5: வண்டியைக் கையில் வாங்கும்போது

வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று, கூரையையும் சேர்த்து வீடியோ எடுங்கள். ஃப்ரிட்ஜ், ஹீட்டர், ஏசி, தண்ணீர் பம்ப், அடுப்பு, எல்லாவற்றையும் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவசரப்படுத்துவார்கள், மசியாதீர்கள். எனக்குக் கொடுத்த வண்டியில் வெயில் மறைப்புத் துணியின் ஒரு கை ஏற்கெனவே வளைந்திருந்தது, வீடியோ இருந்ததால் தப்பித்தேன்.

படி 6: ஓட்டுவது

முதல் அரை மணி காலி பார்க்கிங்கில். திரும்பும்போது பின்பக்கம் எதிர்த் திசையில் வீசும், பின் சக்கரத்துக்கு அப்பால் நிறைய உடம்பு இருக்கிறது அல்லவா. பெட்ரோல் பங்க்கில் தூணை இடிப்பவர்கள் எல்லாம் முன்னால் பார்த்துத்தான் இடிக்கிறார்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறையுங்கள், இல்லையென்றால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். காற்று பலமாக அடித்தால் வேகத்தைக் குறையுங்கள், அப்படியும் வண்டி தள்ளாடினால் ஓரங்கட்டி ஒரு காபி.

கிளம்பும் முன் உள்ளே எல்லா அலமாரியும் சாத்தியிருக்கிறதா, வெளியே படி மடங்கியிருக்கிறதா, வயரும் குழாயும் கழற்றியாச்சா என்று ஒருவர் சொல்ல ஒருவர் பார்க்க வேண்டும். கழற்றாமல் கிளம்பியவர் கதை ஒவ்வொரு கேம்ப்கிரவுண்டிலும் ஒன்று இருக்கும்.

படி 7: இணைப்பது

முதலில் வண்டி சமமாக நிற்க வேண்டும், சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டை வைத்துச் சரி செய்யுங்கள். புரொப்பேன் வாயுவில் ஓடும் ஃப்ரிட்ஜ் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. மின்சாரம் 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட்தான், ஏசி ஓடும்போது மைக்ரோவேவும் ஹேர் டிரையரும் சேர்ந்து போட்டால் பிரேக்கர் விழும். வயரைச் செருகும் முன் கம்பத்தில் பிரேக்கரை அணையுங்கள். குடிதண்ணீர்க் குழாய் வெள்ளை, அதற்கு முன்னால் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பித்தளை மூட்டு, அது இல்லாமல் இணைக்காதீர்கள்.

படி 8: டாங்க் காலி செய்வது

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். பயப்பட ஒன்றுமில்லை, வரிசைதான் முக்கியம். இரண்டு கழிவு டாங்க்: கழிப்பறையில் இருந்து வருவது கறுப்பு, சிங்க், ஷவர் தண்ணீர் சாம்பல்.

கையுறை போடுங்கள். குழாயை வண்டியிலும் தரைத் துளையிலும் இறுக்கமாகப் பொருத்தி, துளைப் பக்கத்தில் ஒரு கல்லை வையுங்கள். கறுப்பு வால்வை முதலில் திறங்கள், முழுசாக வடியட்டும், மூடுங்கள். அப்புறம் சாம்பல். சோப்புத் தண்ணீர் பின்னால் வருவதால் குழாய் தானே கழுவப்படும், இதை மாற்றிச் செய்தால் அந்தக் குழாயை நீங்கள்தான் கழுவ வேண்டும். முடிந்ததும் கறுப்பு டாங்கில் கொஞ்சம் தண்ணீரும் அதற்கான மருந்தும் ஊற்றி வைக்க வேண்டும்.

எல்லா இணைப்பும் உள்ள இடத்தில் நிற்கும்போது, குழாய்தான் போட்டிருக்கிறதே என்று கறுப்பு வால்வைத் திறந்தே விட்டுவிடுவார்கள். தண்ணீர் ஓடிப்போய்விடும், மற்றது உள்ளேயே குவிந்து கெட்டியாகிவிடும். ஆகவே மூடியே வைத்து, முக்கால்வாசி நிறைந்ததும் ஒரே தடவையாகத் திறங்கள். காகிதமும் சீக்கிரம் கரைகிற வகையாக இருக்கட்டும்.

படி 9: இணைப்பு இல்லாத ராத்திரிகள்

பிரைஸில் இதைப் பழகிக்கொள்ளலாம். டாங்கில் 30, 40 கேலன்தான் இருக்கும், நாலு பேர் வீட்டில் குளிக்கிற மாதிரி குளித்தால் ஒரே நாளில் தீரும். உடம்பை நனைத்து, தண்ணீரை நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறக்க வேண்டும். ஜெனரேட்டர், பெட்ரோல் கால் டாங்குக்குக் கீழே போனால் தானே நின்றுவிடும், உங்களை நடுக்காட்டில் நிற்க வைக்கக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு.

பூங்காக்களுக்கு வெளியே பிஎல்எம் என்கிற மத்திய அரசு நில நிர்வாகத் துறையின் நிலங்களில் பல இடங்களில் 14 நாள் வரை இலவசமாகவே நிறுத்தலாம். தண்ணீர், கழிப்பறை, எதுவும் இருக்காது. முதல் பயணத்தில் வேண்டாம், முதலில் உங்கள் டாங்க் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியட்டும்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

கிராண்ட் கேன்யனில் இருந்து லாஸ் வேகாஸ் 280 மைல். காலையில் கிளம்பி மதியத்துக்குள் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், வழியில் வில்லியம்ஸிலோ கிங்மனிலோ ஒரு ராத்திரி போடுங்கள். கழிவு டாங்க்களைக் காலி செய்ய வேண்டும், பெட்ரோலும் புரொப்பேனும் நிரப்ப வேண்டும், உள்ளே பெருக்க வேண்டும், இதற்கே இரண்டு மணி நேரம் ஆகும். டாங்கைக் காலி செய்யாமல் கொடுத்தால் தனிக் கட்டணம். எடுத்தபோது செய்த மாதிரியே இன்னொரு வீடியோ, மைல் மீட்டரும் ஜெனரேட்டர் மணியும் தெரிகிற மாதிரி. படுக்கைக்கு அடியிலும் ஒரு தடவை குனிந்து பாருங்கள், என் ஒரு செருப்பு இன்னும் அந்த வண்டியில்தான் ஊர் சுற்றுகிறது.