யூனிட் டெஸ்ட்டுக்கு நிஜ பக்கெட் வேண்டாம்

ஏடபிள்யூஎஸ் என்ற அமேசான் கிளவுடில் ஓடும் பைத்தான் தளத்துக்கு யூனிட் டெஸ்ட் (கோடின் சிறு பகுதியைத் தனியாகச் சோதிப்பது) எழுதும்போது, கோப்புகளைச் சேமித்து வைக்கும் நிஜ எஸ்3 பக்கெட்டைத் தொடாதீர்கள். மோட்டோ என்ற இலவச லைப்ரரியைப் போட்டு, டெஸ்ட் தொடங்குமுன் அக்கவுண்டுக்குள் நுழையும் சாவிகளான அக்சஸ் கீ, சீக்ரெட் கீ இரண்டுக்கும் 'டெஸ்டிங்' என்று ஒரு பொய் மதிப்பு வைத்துவிடுங்கள்.

ஏடபிள்யூஎஸ்ஸோடு பேசும் பைத்தான் லைப்ரரியான போட்டோ3 அனுப்பும் அழைப்பை மோட்டோ வழியிலேயே மறித்து, கம்ப்யூட்டர் மெமரியில் ஒரு போலி பக்கெட்டை வைத்துப் பதில் சொல்லிவிடும். பத்தமடைப் பாய் விற்கும் தளம் என்று வையுங்கள்: ஆர்டர் ரசீதைச் சேமித்துத் திரும்ப எடுக்கும் டெஸ்ட்டை நூறு தடவை ஓட்டினாலும் பில் ஏறாது, சாரல் நேரத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் நெட் போனாலும் டெஸ்ட் நிற்காது. பொய்ச் சாவி எதற்கு என்றால், ஏதாவது ஓர் அழைப்பு மறிப்புக்குத் தப்பினாலும் நிஜ அக்கவுண்டில் கை வைக்காமல் பிழையோடு திரும்பிவிடும். அப்புறம், அழைப்புகளை அனுப்பும் போட்டோ3 கிளையன்ட்டை மோட்டோ தொடங்கிய பிறகே உருவாக்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஐஏஎம் அனுமதி (ஏடபிள்யூஎஸ்ஸில் யார் எதைத் தொடலாம் என்ற விதி) சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் இதை நம்பி முடிவு செய்யாதீர்கள். அதற்கு ஸ்டேஜிங்கில் (நிஜத் தளம் போலவே அமைத்த சோதனைத் தளத்தில்) நிஜ பக்கெட்டோடு ஓரிரு டெஸ்ட் ஓட்டத்தான் வேண்டும். தளம் வேறு கிளவுடில் இருந்தால் மோட்டோ உதவாது.