சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?
டிக்கெட்டில் ராத்திரி 1.00 கிளம்பி, காலை 7.45க்கு இறங்கும் என்று இருந்தது. "ஆறே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தே போகணுமா?" என்று ஆச்சி மலைத்துவிட்டார். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் நாலே கால்தான். திருச்சியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 3,000 கி.மீ. திரும்பும்போது இரண்டரையைக் கூட்ட வேண்டும். கோலாலம்பூருக்கும் இதே கணக்குதான்.

அப்புறம், காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகப் போனால் திருச்சி ஊருக்குள் நுழையும் முன்பே விமான நிலையம் வந்துவிடும். வழிக்கு இரண்டு மணி, அங்கே மூன்று மணி என்று வைத்தால், ராத்திரி 8க்கு வாசலில் கார் நிற்க வேண்டும். அதுவும் முதல் நாள் ராத்திரி! 15ஆம் தேதி டிக்கெட் என்றால் 14ஆம் தேதியே மாவுருண்டை டப்பாவைக் கட்டிவிடுங்கள்.