விட்ட தூக்கத்தைத் துரத்தாதீர்கள்

இரவு 1 மணி 20 நிமிடம். மணிக்கணக்கில் இல்லாத மின்சாரம் வருகிறது. அணைக்க மறந்த கூடத்து விளக்கு பளிச்சென்று எரிகிறது. மின்விசிறி கடகடவென்று சுற்றத் தொடங்குகிறது. கீழ்த்தளத்தில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். நாமும் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் காலையில் குளிக்கத் தண்ணீர் இருக்காது. வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேரும் எழுந்துவிடுகிறோம். ஒருவருக்கு மோட்டார், ஒருவருக்குச் சோற்றுப் பானை, ஒருவருக்குப் பள்ளிச் சீருடை இஸ்திரி. மிச்சமிருக்கும் இருவர் சார்ஜ் ஏறுகிற கைப்பேசியை எடுத்து, யார் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். இரண்டரைக்குத் திரும்பப் படுத்தால் யாருக்கும் கண் மூடுவதில்லை.

ரங்கூனில் யாரைக் கேட்டாலும் தூக்கமில்லை என்பார்கள். கரண்ட், வெயில், கொசு, கவலை என்று காரணங்களும் கைவசம் இருக்கும். எல்லாமே உண்மைதான். ஆனால் அவை ஓர் இரவைத்தான் கெடுக்கின்றன. அதை மாதக்கணக்கில் நீட்டிவிடுவது, கெட்ட இரவை ஈடுகட்டுவதாக நினைத்து மறுநாள் நாம் செய்கிற காரியங்கள்.

இதை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் நியூயார்க்கின் உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேன். 1987இல் அவர் சொன்ன கணக்கு எளிமையானது. சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் லேசானது. அந்த இயல்பின் மேல் ஒரு சாவு, ஒரு கடன், ஒரு விபத்து என்று ஏதாவது வந்து விழுகிறது. பிறகு அந்தச் சம்பவம் பழசாகிப் போனாலும், அப்போது பிடித்துக்கொண்ட பழக்கங்கள் தூக்கமின்மையை உயிரோடு வைத்திருக்கின்றன. முதல் இரண்டின் மேல் நமக்குப் பெரிதாக அதிகாரம் இல்லை, மூன்றாவதன் மேல் இருக்கிறது.

என் அக்காவின் கதையைச் சொன்னால் இது விளங்கும். 2025 மார்ச் 28ஆம் தேதி மதியம் சகாயிங், மாண்டலே பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தபோது அவள் மாண்டலேயில் இருந்தாள். வீட்டுச் சுவர் வெடித்துவிட்டதால் பல நாள் குடும்பத்தோடு தெருவோரத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். மே மாதம் ரங்கூனுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இங்கே சுவர் நன்றாகத்தான் இருந்தது, தூக்கம்தான் வரவில்லை. லாரி ஒன்று தெருவில் போனால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவாள்.

விட்ட தூக்கத்தைப் பிடிக்க வேண்டும் என்று இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவாள். பன்னிரண்டு வரை புரளுவாள். நான்கு மணிக்கு விழிப்பு வரும். ஆனாலும் ஏழு வரை எழுந்திருக்கமாட்டாள், "கண்ணையாவது மூடிக்கொண்டு கிடக்கிறேனே" என்பாள். மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை இன்னொரு தூக்கம். கூட்டிப் பார்த்தால் படுக்கையில் பதின்மூன்றரை மணி நேரம், அதில் இரவுத் தூக்கம் நான்கு மணி நேரம். இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக் காட்டியபோதுதான் எனக்கே உறைத்தது.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத் தூக்கம் கண்ணை அழுத்தும். மதியம் இரண்டரை மணி நேரம் தூங்கினால் சேர்ந்ததில் ஒரு நல்ல பகுதி கரைந்துவிடும். மாலையில் இரண்டு தட்டு மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பசிக்கவில்லையே என்று வருந்துவது மாதிரிதான். அதோடு, தூக்கம் வராமல் மணிக்கணக்கில் புரண்ட படுக்கை, நாளடைவில் புரளுகிற இடமாகவே மனதில் பதிந்துவிடுகிறது. கூடத்து நாற்காலியில் சொக்கிப்போகிறவர்கள் கட்டிலில் தலை சாய்த்ததும் விழித்துக்கொள்வது அதனால்தான்.

செய்த மாற்றம் இவ்வளவுதான். எப்போது தூங்கியிருந்தாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும், இரவு பதினொன்றுக்கு முன் படுக்கக் கூடாது, மதியத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கண்ணயரக் கூடாது. முதல் வாரம் அக்கா என்னைத் திட்டாத திட்டில்லை. மூன்றாவது வாரம் படுத்த அரைமணியில் தூங்கினாள். லாரிச் சத்தத்துக்கு இன்னமும் விழிக்கிறாள், ஆனால் திரும்பத் தூங்கிவிடுகிறாள். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வலிப்பு நோய் உள்ளவர்களும், மனம் அளவுக்கு மீறிப் பொங்கிப் பிறகு சரிகிற இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் படுக்கை நேரத்தை மருத்துவரைக் கேட்காமல் குறைக்கக் கூடாது. யாராயிருந்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போக வேண்டாம்.

மனம் சரியானால் தூக்கம் தானாக வரும் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. மருத்துவர்களே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். தூக்கமின்மை மனச்சோர்வின் நிழல், சோர்வைக் கவனித்தால் நிழல் போய்விடும் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல் 2013இல் திருத்தப்பட்டபோது, தூக்கமின்மையைத் தனி நோயாகவே பார்த்துச் சிகிச்சை தர வேண்டும் என்றாயிற்று. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமில்லாத 3,755 மாணவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்குத் தூக்கப் பழக்கத்தைத் திருத்தும் இணையப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குத் தூக்கம் மட்டும் மேம்படவில்லை. பிறர் தமக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்ற சந்தேகமும், பதற்றமும், சோர்வும் கூடக் குறைந்தன. தூக்கமும் மனமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எந்தப் பக்கம் அவிழ்க்க எளிதோ அந்தப் பக்கம் தொடங்கலாம்.

இனி தேநீர். நம் ஊரில் இதைப் பேசாமல் தூக்கத்தைப் பேச முடியாது. கெட்டிப் பாலும் கடுந்தேயிலையும் கலந்த ஒரு கோப்பையை மாலை ஆறு மணிக்குக் குடித்தால், அதிலுள்ள கஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு பதினொன்றுக்கும் உடலில் இருக்கும். சிலருக்கு இன்னும் மெதுவாகத்தான் கரையும். கஃபீன் அடினோசினை அழிப்பதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. "நான் டீ குடித்தாலும் தூங்கிவிடுவேன்" என்பவர்களும் தூங்குகிறார்கள்தான், ஆழமில்லாமல்.

பால் தேநீரையாவது கணக்கில் வைத்துக்கொள்கிறோம். டீக்கடை மேசையில் ஃப்ளாஸ்க்கில் இலவசமாக வைத்திருக்கும் பச்சைத் தேநீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தண்ணீருக்குப் பதிலாக ஆறேழு சின்னக் கோப்பை உள்ளே போய்விடுகிறது. அதைவிடப் பெரிய கள்ளன் லப்பே. புளிக்கவைத்த தேயிலையில் வறுத்த பருப்பு, எள், பூண்டு, நிலக்கடலை கலந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தாளியோடு கதை பேசிக்கொண்டே கொறிக்கிறோம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கண் விழிக்க இதைத்தான் தின்கிறார்கள் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அதே அம்மாக்கள் இரவு ஒன்பதுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டுக்குக் கூரையைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். லப்பேயை விடச் சொல்லவில்லை, நானே விடமாட்டேன். மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலையும் இதே கதைதான். பாக்கும் புகையிலையும் இரண்டுமே மூளையைத் தட்டியெழுப்புகிறவை. மது முதல் பாதி இரவில் அடித்துப் போட்டதுபோல் தூங்கவைக்கும், பின்பாதியில் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும்.

கைப்பேசியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், எனவே நம் வீட்டுக்கே உரிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். துபாயில் மகன் வேலை முடித்து இரவு ஒன்பதுக்குக் கூப்பிட்டால் நமக்கு 11.30. பேசி வைத்த பிறகு அவன் குரல் ஏன் ஒரு மாதிரியாக இருந்தது, சாப்பிட்டானா, சம்பளம் வந்ததா என்று ஒரு மணி நேரம் ஓடும். தடுப்பது திரையின் வெளிச்சத்தைவிட இந்தக் கவலைதான் என்பது என் எண்ணம். பேச வேண்டாம் என்று எந்தத் தாயிடம் சொல்வது? அவன் வேலைக்குக் கிளம்புகிற காலை நேரத்துக்கு அழைப்பை மாற்றிக்கொண்ட வீடுகள் உண்டு. அங்கே காலை ஏழு என்றால் இங்கே 9.30, பகல் வெளிச்சத்தில் கவலையும் கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறது.

வெளிச்சம் என்றதும் ஒரு முரண் நினைவுக்கு வருகிறது. உடலின் உள்கடிகாரம் காலை வெயிலைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது, மாலை இருட்டைப் பார்த்து, உடலைத் தூக்கத்துக்குத் தயாராக்கும் மெலட்டோனினைச் சுரக்கவிடுகிறது. அந்த வகையில் மின்சாரம் இல்லாத மாலை தூக்கத்துக்கு நல்ல மாலை. காலையில்தான் கோட்டை விடுகிறோம். ஜன்னலைச் சாத்திய வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் சில நூறு லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாது, வெட்டவெளியிலோ பத்தாயிரத்துக்கு மேல். கண்டோஜி ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மாடியில் துணி காயப்போடுகிற இருபது நிமிடம் போதும்.

படுக்கையைப் பற்றி ஒன்று. சின்ன வீடுகளில் கட்டிலே சோபா, கட்டிலே சாப்பாட்டு மேசை, கட்டிலே மளிகைக் கணக்கு எழுதுகிற இடம். எங்கள் பாட்டி விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவார், பகலில் யாராவது விரித்தால் வீட்டுக்கு ஆகாது என்பார். படுக்கை தூக்கத்துக்கு மட்டும், தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடு என்று 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறையில் பாதி இந்தப் பாயிலேயே இருக்கிறது. அவருக்குக் கொசுவலைப் பிரச்சினை இருந்திருக்காது. நடு இரவில் வலையைத் தூக்கினால் நாம் ஒருவர் வெளியே வர, பத்துப் பேர் உள்ளே போவார்கள். அதனால் வலைக்குள்ளேயே எழுந்து சாய்ந்து உட்காருங்கள், மந்தமான விளக்கில் ஜெபமாலையோ பழைய புத்தகமோ இருக்கட்டும். மணி மட்டும் பார்க்காதீர்கள். "இன்னும் மூன்று மணி நேரம்தான்" என்ற கணக்கு வந்துவிட்டால் அன்றைய இரவு முடிந்தது.

இரவில் கரண்ட் வரும் விஷயத்துக்கு வருவோம். படுக்கும்முன் மின்விசிறியைத் தவிர எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். மோட்டாருக்கு முறை வையுங்கள். எங்கள் வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ஓர் இரவுக்கு ஒருவர். மற்ற நால்வரும் கண்ணைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். இஸ்திரி போடாத சட்டையோடு பள்ளிக்குப் போனால் யாரும் செத்துவிடுவதில்லை.

கடைசியாக மாத்திரை, எனக்குக் கோபம் வருகிற இடம். மருந்துக் கடையில் போய்த் தூக்கமில்லை என்றால், பெயரில்லாத நான்கைந்து மாத்திரைகளைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறார்கள். அதில் சளி, அரிப்புக்கான மாத்திரை இருக்கலாம். அது தூக்கத்தைவிட மறுநாள் மந்தத்தைத்தான் அதிகம் தரும். வலிக்கென்று வாங்கும் பையில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். டயஸெபாம் வகைத் தூக்க மாத்திரைகள் பழகிப்போகும், வயதானவர்களைக் கழிப்பறை போகும் வழியில் விழவைக்கும், நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரையல்ல, பழக்கத்தையும் நினைப்பையும் திருத்தும் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இலேயே சொல்லிவிட்டது.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். பெரிய குறட்டையும் இடையிடையே மூச்சுத் திணறலும் இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, அழுகை வருகிறது என்றாலும் அப்படித்தான். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். போகும்போது, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு வாரக் கணக்கு எழுதி எடுத்துப் போங்கள். படுத்தது எப்போது, எழுந்தது எப்போது, பகலில் எவ்வளவு கண்ணயர்ந்தீர்கள், எத்தனை கோப்பை, என்ன மாத்திரை. லப்பேயையும் மறைக்காமல் எழுதுங்கள்.