சலூனுக்குப் போக ஒரு கதை

எங்கள் மகனுக்கு ஆட்டிசம். சேலம் அஸ்தம்பட்டியில் சலூன் பக்கம் போனாலே காதைப் பொத்திக்கொள்வான். ட்ரிம்மர் சத்தம் ஆகாது. சிறப்பாசிரியை 'சமூகக் கதை' சொல்லிப் பார்க்கச் சொன்னார். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை அது: நடக்கப் போவதை முன்கூட்டியே சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லிவைப்பது.

போனில் இருந்த ஏஐ செயலியிடம் கேட்டேன். 'முடிதிருத்தகத்திற்குச் செல்லும்போது நீ அழக்கூடாது' என்று மேடைத் தமிழில் அதட்டியது. இந்தக் கதைகளில் கட்டளை குறைவாக, விவரிப்பு அதிகமாக இருக்க வேண்டும். அதனால் நிபந்தனை போட்டேன்: 'நான்' என்று எழுது, வரிக்கு ஒரே செய்தி, 'கூடாது' வேண்டாம், வீட்டில் பேசுவதுபோல் இருக்கட்டும். அப்புறம் வந்தது:

"மெஷின் கொர்ருனு சத்தம் போடும். பிடிக்கலைன்னா நான் கையைத் தூக்குவேன். அண்ணன் நிறுத்திடுவாரு."

இது சரி. கடைக்காரரிடமும் பேசிவைத்தேன். சொன்னபடி அவர் நிறுத்தாவிட்டால் அடுத்த கதையை இவன் நம்ப மாட்டான்.

செயலி வரைந்த படத்தில் ஏதோ வெளிநாட்டுக் கடை. 'இது இல்ல' என்று தள்ளிவிட்டான். எங்கள் கடையையே படமெடுத்து ஒட்டினேன். வாசிக்கும் குரல் அவன் பாட்டியுடையது. மகனின் பெயரையும் முகத்தையும் செயலிக்குக் கொடுக்கவில்லை.

இப்போது உட்காருகிறான். பின்கழுத்துக்கு மட்டும் இன்னும் கத்தரிக்கோல்தான். அடுத்தது ஏற்காடு பஸ். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் தனித்தனிப் படம் வேண்டுமாம்.