பாலாற்று மணலுக்கும் ஜவ்வாது மலைக்கும் டீசல் ஜீப்பைத் தயார் செய்வது எப்படி? (புதியவர்களுக்கு)

ஜீப் வாங்கியதும் பலர் முதலில் மாட்டுவது கூரை லைட், கனமான பம்பர், பெரிய டயர். மணலில் அச்சு வரை புதைந்து நிற்கும்போது இதில் எதுவும் கை கொடுக்காது. முதல் செலவு காற்றழுத்தம் பார்க்கும் கேஜுக்கும் கம்ப்ரசருக்கும் போகட்டும். அடுத்து டீசல், காற்று வழிகளின் சுத்தம், அதற்கடுத்து இழுவைக் கொக்கி. ஸ்பிரிங்கை உயர்த்துவது கடைசி வேலை. இந்த வரிசையிலேயே போகலாம்.

அளவுகள் சொல்வதற்கு ஒரு வண்டி வேண்டும் என்பதால் 2010 முதல் 2020 வரை வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஇ-யை (காமன் ரெயில் டீசல் வகை) எடுத்துக்கொள்வோம். 2498 சிசி, 105 குதிரைத்திறன், கம்பெனி டயர் 235/70 ஆர்16. வேறு டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் இந்த அளவுகளைத் தங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலைக்கு முன் சட்டம், சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கம்பெனி விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்பான 'புல் பார்' 2017 டிசம்பர் முதலே தடை. ஆகவே ஸ்பிரிங்கை உயர்த்துவது, என்ஜினை மாற்றுவது போன்றவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் செய்தால் இன்சூரன்ஸ் கோரிக்கையும் சிக்கலாகும். கீழே வருவதில் பெரும்பகுதிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

படி 1: வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

சாக்கு விரித்து, டார்ச்சோடு அடியில் போங்கள். முன் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட்டில் கிழிசல் இருக்கிறதா, யுனிவர்சல் ஜாயின்ட்டைக் கையால் திருகினால் ஆட்டம் தெரிகிறதா, கமான்பட்டையைப் பிடித்திருக்கும் யு-போல்ட் நட்டுகளைச் சுற்றி துருப்பொடி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். துருப்பொடி இருந்தால் நட்டு தளர்ந்து உராய்கிறது என்று அர்த்தம். கிழிந்த பூட்டோடு மணலில் இறங்கினால் மணல் கிரீஸோடு சேர்ந்து அரைக்கும் பேஸ்ட் ஆகிவிடும். சின்ன ரப்பருக்குப் பார்த்தால் பெரிய ஜாயின்ட் போகும்.

படி 2: டயரும் காற்றும்

தார் ரோட்டில் 30 வைக்கிறோமே, அந்த பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கணக்குதான் இங்கும். மணலில் இறங்கும் முன் நான்கு டயரையும் 18-க்கு இறக்குங்கள். டயர் அகலமாவதைவிட நீளவாக்கில் அதிகமாகப் படியும். வண்டியின் எடை பரவுவதால் மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். 18-லும் திணறினால் 15. சிக்கிக்கொண்டு வேறு வழியில்லை என்றால் 12 வரை போகலாம். ஆனால் அந்த அழுத்தத்தில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மலைப்பாதைக் கல்லுக்கு 20 முதல் 22 சரி. அதற்குக் கீழே போனால் கல் விளிம்பில் ரிம் இடிபடும்.

எல்லா அளவும் டயர் குளிர்ந்திருக்கும்போது. வேலூர் மே மாத வெயிலில் 30 கிலோமீட்டர் ஓட்டி வந்து கேஜை வைத்தால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்று இறக்க ஒரு கைக்கணக்கு உண்டு. முதல் டயரின் வால்வு ஊசியை அழுத்தியபடி ஒரு நிமிடம் எண்ணி, கேஜில் எத்தனை குறைந்தது என்று பாருங்கள். மற்ற மூன்றுக்கும் அதே கணக்கில் எண்ணினால் போதும், கடைசியில் ஒருமுறை கேஜ் வைத்துச் சரிபாருங்கள்.

ஏற்றுவதற்கு 12 வோல்ட் கம்ப்ரசர். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் பொம்மை வேண்டாம், பாதி டயரில் ஃபியூஸ் போய்விடும். நேராக பேட்டரியில் கிளிப் மாட்டுவதாக வாங்கி, என்ஜின் ஓடும்போது ஏற்றுங்கள். ஏற்றாமல் பெங்களூரு நெடுஞ்சாலையில் 80-ல் போனால் டயரின் பக்கச் சுவர் சூடாகி வெடிக்கும்.

எங்கள் பக்கத்து ஆற்றோரமெல்லாம் சீமைக்கருவேலம். அதன் முள் டயரின் பக்கச் சுவரில் குத்தினால் சாதாரண பஞ்சர் பிளக் நிற்காது. ஆகவே முதல் பயணத்துக்கே முழு அளவு ஸ்டெப்னி கட்டாயம். பெரிய டயர் ஆசை இருந்தால் கணக்கைப் பாருங்கள்: 235/70 ஆர்16-லிருந்து 245/75 ஆர்16-க்குப் போனால் டயரின் விட்டம் சுமார் 38 மில்லிமீட்டர் கூடும். அடிப்பகுதி உயர்வது அதில் பாதி, 19 மில்லிமீட்டர்தான். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63-ல் போவீர்கள், இழுவையும் அதே 5 சதவீதம் குறையும்.

படி 3: டீசலும் காற்றும் போகும் வழி

ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் என்ஜினுக்குத் தண்ணீரும் தூசும் ஜென்ம விரோதி. டிராக்டருக்காகக் கொல்லையில் பேரலில் வைத்திருக்கும் டீசலை அவசரத்துக்கு ஊற்றுவது கிராமத்துப் பக்கம் வழக்கம். அந்தப் பேரலின் அடியில் தண்ணீர் நின்றிருக்கும். ஊற்றியே ஆக வேண்டும் என்றால் அடி மண்டியைத் தொடாமல், மேலாக எடுத்து, வடிகட்டி ஊற்றுங்கள்.

டீசல் ஃபில்டரிலிருந்து தண்ணீர் எடுக்கும் முறை:

1. என்ஜினை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கீழே படியட்டும்.
2. ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கையால் இரண்டு சுற்று தளர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். 100 மில்லி போதும்.
3. பாட்டிலை வெளிச்சத்தில் வையுங்கள். அடியில் தனியாகக் கோடு கட்டி நிற்பது தண்ணீர். கோடு தெரியாத டீசல் வரும்வரை திறந்து விடுங்கள்.
4. திருகை மூடி, கை பம்பை அது கல்போல இறுகும்வரை அழுத்துங்கள். உள்ளே புகுந்த காற்று அப்போதுதான் வெளியேறும்.
5. ஸ்டார்ட் செய்யும்போது 10 விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயை மட்டும் என்ஜின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. பழைய டீசல் வண்டிகளில் மெக்கானிக்குகள் அப்படித்தான் காற்று எடுப்பார்கள். காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பார்களைத் தாண்டும். கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஏர் ஃபில்டரைப் புழுதிப் பயணம் ஒவ்வொன்றுக்கும் பின் கழற்றிப் பாருங்கள். கம்ப்ரசர் காற்றை உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும், வெளியிலிருந்து அடித்தால் தூசு காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகும். ஃபில்டர் வீட்டின் ரப்பர் விளிம்புக்கு உள்பக்கம் விரலால் தடவுங்கள். அங்கே மண் ஒட்டினால் ஃபில்டர் புதிதாக இருந்தும் பயனில்லை, காற்று ஓரமாகத் திருடிக்கொண்டு போகிறது. அந்தத் தூசு டர்போவின் இறக்கையைத்தான் முதலில் தின்னும்.

கணினி சிப்பை மாற்றி சக்தி கூட்டுவதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கரும்புகையும் கிளட்ச் வழுக்கலும்தான் மிஞ்சும். இந்த என்ஜினின் முழு முறுக்குவிசையான 247 நியூட்டன் மீட்டர் 1800 முதல் 2000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. மேட்டில் 3500 சுற்றுக்கு உறுமவிட வேண்டிய அவசியமே இல்லை.

படி 4: இழுவைச் சாமான்கள்

லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கென்று சில வண்டிகளில் இருக்கும் சின்ன வளையத்தில் இழுத்தால் அது பிய்ந்து குண்டுபோலப் பறக்கும். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியும் அப்படியே. சேசிஸில் போல்ட் செய்த, எடை வரம்பு பொறித்த கொக்கி முன்னும் பின்னும் வேண்டும். அதில் மாட்ட முக்கால் அங்குல வில் ஷேக்கிள் (வில் வடிவ இணைப்பு வளையம்) இரண்டு, ஒவ்வொன்றும் 4.75 டன் முத்திரை உள்ளது. அதன் திருகைக் கையால் முழுக்க இறுக்கி, கால் சுற்று பின்னோக்கித் தளர்த்தி விடுங்கள். இல்லையென்றால் இழுத்தபின் ஸ்பானருக்கும் அசையாது.

வண்டியை இழுக்கும் பட்டி, 6 முதல் 8 டன் அறுபடு திறன் உள்ள, இழுத்தால் நீண்டு கொடுக்கும் நெளிவுப் பட்டியாக, 9 மீட்டர் நீளமாக இருக்கட்டும். சங்கிலி வேண்டாம். இழுக்கும்போது பட்டியின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள், அறுந்தால் வேகத்தை அது தின்றுவிடும். பட்டி நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது. கூடவே ஒரு மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க இரண்டடிப் பலகை. பலகையில்லாத ஜாக்கி மணலில் வண்டியைத் தூக்காது, தன்னைத்தானே புதைத்துக்கொள்ளும்.

படி 5: பிரீதர் குழாயும், கடைசியாக ஸ்பிரிங்கும்

அச்சு ஹவுசிங்கின் மேல் சின்ன மூச்சுத் துளை இருக்கும். ஓடிச் சூடான அச்சு கானாற்றுத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, அந்தத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் துளையில் டீசல் தாங்கும் ரப்பர் குழாயை மாட்டி என்ஜின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோய்க் கட்டிவிட்டால் தீர்ந்தது. செலவு குறைவு, பலன் அதிகம்.

உயர்த்துவதானால் அனுமதியோடு ஒன்றரை அங்குலத்தில் நிறுத்துங்கள். முன்னால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரை அதற்கு மேல் முறுக்கினால் டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி பூட் கிழியும், சவாரியும் கட்டைவண்டி மாதிரி ஆகும். உயர்த்திய பின் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்து, வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும் சரி செய்ய வேண்டும். யு-போல்ட்டை 200 கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள்.

ஓட்டுவது: மணல்

முதலில் இடம். ஆற்றுப்படுகையில் அதிகாலையில் சொல்லாமல் இறங்கினால் மணல் திருட வந்த வண்டி என்றுதான் ஊரார் நினைப்பார்கள். அனுமதியுள்ள இடத்திலோ, தெரிந்தவர் பட்டா நிலத்தின் மணல் திட்டிலோ பழகுங்கள். மணல் அள்ளிய பழைய குழிகளில் வண்டல் நிரம்பி மேலே காய்ந்து சமமாகத் தெரியும். கோலால் குத்திப் பார்க்காமல் அதன் மேல் ஏற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் உள்ளூரில் தூறல் இல்லாவிட்டாலும் ஆறு வரும். மோர்தானா அணை வழிந்தால் கவுண்டன்ய ஆறு வழியாகப் பாலாற்றுக்குத்தான் வந்து சேரும். 2021 நவம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, 4எல் (நான்கு சக்கர இழுவை, மெதுவான கியர்) போடுங்கள். இரண்டாம் கியரில் கிளம்பி உடனே மூன்றுக்கு மாற்றி, 2000 சுற்றுக்குப் பக்கத்தில் சீராக ஓட்டுங்கள். நிறுத்தும்போது பிரேக் மிதிக்காதீர்கள், அது சக்கரத்துக்கு முன்னால் மணல் கரையைக் குவிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டாலே மணல் நிறுத்திவிடும். மூக்கு சரிவைப் பார்க்கும்படி நிறுத்தினால் கிளம்புவது எளிது.

வண்டி முன்னே போகாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் அந்த நொடியே விட்டுவிடுங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸ். இரண்டு முறை முயன்றும் வராவிட்டால் மண்வெட்டியை எடுங்கள், மூன்றாவது முறை மிதித்தால் வயிறு தரையில் உட்காரும். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சாய்வாக வழி வெட்டி, காற்றை 15-க்கு இறக்கி, பிறகு எடுங்கள். தார் ரோட்டைத் தொட்டதும் 2எச்-க்கு (இரு சக்கர இழுவை) மாற்ற மறக்கக் கூடாது. பிடிமானமுள்ள தரையில் நான்கு சக்கர இணைப்போடு திரும்பினால், முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொண்டு லீவர் வெளியே வராது.

ஓட்டுவது: மலை

ஜவ்வாது மலை இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. 1989-க்கு முன் எல்லாம் ஒரே வடார்க்காடு. காப்புக்காட்டுக்குள் நுழையும் முன் அந்தந்த மாவட்ட வன அலுவலரிடம் அனுமதி வாங்குங்கள். ஒடுகத்தூர் பக்கமிருந்து பீஞ்சமந்தைக்கு ஏறுவது போன்ற பொதுவழிகளிலேயே பழக வேண்டிய அளவு மேடு இருக்கிறது.

கல்லை இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் விடாதீர்கள், அங்கேதான் அச்சின் உருண்டை தொங்குகிறது. சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றுங்கள். கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் கொடுக்காமல் மேலே வையுங்கள், கல் தட்டினால் ஸ்டியரிங் உதறும் உதறலில் விரல் போகும். கீழே நின்று வழி சொல்பவர் ஒருவர் மட்டுமே. அவர் எதிரே நிற்பதால் 'வலது, இடது' குழப்பும். லாரிக்காரர்கள் பாணியில் 'டிரைவர் சைடு, கிளீனர் சைடு' என்றால் தவறே வராது.

இறக்கத்தில் 4எல், முதல் கியர், இரண்டு காலும் பெடலை விட்டுத் தள்ளி. டீசல் என்ஜினே பிடித்துக்கொள்ளும். பயத்தில் கிளட்ச் மிதித்தால் அந்தப் பிடி போய்விடும். மேட்டில் பாதியில் என்ஜின் நின்றால் வண்டியைத் திருப்ப முயலாதீர்கள், பக்கவாட்டில் உருளும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுக்க விட்டு, பிரேக்கை மெதுவாக விட்டபடி கியரிலேயே ஸ்டார்ட் செய்து நேராகப் பின்வாங்குங்கள். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் பிரேக்கை விடாமல் ஸ்டார்ட் செய்துகொண்டு இறங்க வேண்டும்.

கானாறு என்றால் முதலில் ஆள் இறங்கி நடக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர், அல்லது கால் இழுபடும் ஓட்டம் இருந்தால் திரும்பிவிடுங்கள். தண்ணீரில் என்ஜின் நின்றால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். இழுத்து வெளியே கொண்டுவந்து, இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றியபின்தான் சுற்றிப் பார்க்க வேண்டும்.

மாசி, பங்குனியில் மலைப் புல் சருகாகக் கிடக்கும். பிஎஸ்6 வண்டிகளில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்யும் நேரத்தில் சைலென்சர் கடும் சூடாக இருக்கும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தவே கூடாது.

வீடு திரும்பியதும்

அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போ ஆறட்டும். அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அடியுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஆற்றுச் சேற்றில் தோல் கழிவு உப்பு உண்டு, சேசிஸை அரித்துவிடும். பின் பிரேக் டிரம்மைக் கழற்றி மணலைத் தட்டுங்கள், ரேடியேட்டர் இடுக்கில் ஒட்டிய புல் விதைகளைப் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்துத் தள்ளுங்கள். தண்ணீரில் இறங்கியிருந்தால் அச்சின் நிரப்பு போல்ட்டைத் திறந்து விரலை விட்டு எண்ணெய் எடுத்துப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மறுநாள் ஓட்டும் முன் மாற்றிவிட வேண்டும்.