சி நிரலில் வைத்த சூழல் மாறி விண்டோஸில் நிலைத்து நிற்க

சி கற்கத் தொடங்கியவர்கள் ‘புட்என்வ்’ போட்டு ஒரு சூழல் மாறியை, அதாவது நிரல்கள் படித்துக்கொள்ளப் பெயரோடு வைக்கும் மதிப்பான என்விரான்மென்ட் வேரியபிளை, வைப்பார்கள். அதே நிரலில் ‘கெட்என்வ்’ கேட்டால் மதிப்பு சரியாக வரும். நிரல் முடிந்தபின் கமாண்ட் ப்ராம்ப்டில் தேடினால் ஆளைக் காணோம்.

கம்பைலரைத் திட்ட வேண்டாம். ஒவ்வொரு ப்ராசஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும், தன்னைத் தொடங்கிவைத்த ப்ராசஸிடமிருந்து மாறிகளின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது. நாம் திருத்தியது அந்த நகலை. நிரல் முடிந்தால் நகலும் போச்சு. நிலைத்து நிற்க வேண்டுமென்றால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுத வேண்டும்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் போதுமென்றால் ‘எச்கீ கரன்ட் யூசர்’ கீழே உள்ள ‘என்விரான்மென்ட்’. கணினியில் எல்லோருக்கும் என்றால் ‘எச்கீ லோக்கல் மெஷின்’ கீழே சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர், என்விரான்மென்ட் என்று உள்ளே போகணும். இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தேவை. இல்லாவிட்டால் பிழை எண் 5 வந்து நிற்கும். பழகும்வரை முதல் இடமே போதும்.

படி 2: திறந்து எழுதுங்கள்

‘விண்டோஸ்.எச்’ ஹெடரைச் சேர்த்து, ‘ரெக்ஓப்பன்கீஎக்ஸ்’ மூலம் எழுதும் உரிமையோடு கீயை, அதாவது படி 1-இல் தேர்ந்தெடுத்த இடத்தை, திறங்கள். பிறகு ‘ரெக்செட்வேல்யூஎக்ஸ்’. இதன் கடைசி ஆர்க்யுமென்ட்டில்தான் பலரும் சறுக்குவார்கள்: அது கேட்பது எழுத்துகளின் எண்ணிக்கையை அல்ல, பைட்டுகளை. வைட் ஸ்ட்ரிங்கில் 7 எழுத்து மதிப்பு என்றால், முடிவில் வரும் ‘நல்’ என்ற பூஜ்ய எழுத்தையும் சேர்த்து 8. ஒவ்வொன்றுக்கும் 2 பைட், ஆக 16. வெறும் 7 என்று கொடுத்தால் மதிப்பு பாதியில் அறுந்துவிடும். இரண்டு ஃபங்ஷனும் 0 திருப்பித் தந்தால் வெற்றி. முடித்ததும் ‘ரெக்குளோஸ்கீ’.

கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியலான ‘பாத்’ மாறியில் மட்டும் கை வைக்குமுன் பழைய மதிப்பைப் படித்து, அதன் வாலில் உங்களுடையதை ஒட்டுங்கள். நான் ஒருமுறை படிக்காமல் நேராக எழுதி, என் கணக்கில் இருந்த பாதைகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். சூழல் மாறியை நிலையாக எழுதும் ‘செட்எக்ஸ்’ கட்டளையை ‘சிஸ்டம்’ ஃபங்ஷன் வழியாக அழைக்கலாமே என்று தோன்றும். சின்ன மதிப்புக்குச் சரி. 1024 எழுத்துக்குமேல் போனால் அது மிச்சத்தை வெட்டிவிடும்.

படி 3: செய்தி சொல்லுங்கள்

எழுதியது மற்ற நிரல்களுக்குத் தானாகத் தெரியாது. ‘சென்ட்மெசேஜ்டைம்அவுட்’ மூலம் ‘செட்டிங்சேஞ்ச்’ செய்தியை, ‘என்விரான்மென்ட்’ என்ற ஸ்ட்ரிங்கோடு எல்லா விண்டோக்களுக்கும் அனுப்புங்கள். டைம்அவுட்டாக 5000 மில்லிசெகண்ட் போதும். டைம்அவுட் இல்லாத ‘சென்ட்மெசேஜ்’ வேண்டாம். எங்கோ ஒரு விண்டோ தொங்கிக் கிடந்தால் உங்கள் நிரலும் அங்கேயே காத்துக் கிடக்கும்.

படி 4: சோதியுங்கள்

ஸ்டார்ட் மெனுவிலிருந்து புதிய கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ‘எக்கோ’ போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் ப்ராம்ப்டில் வராது. அது தன் பழைய நகலோடுதான் இருக்கும். எடிட்டருக்குள் திறக்கும் டெர்மினலும் அப்படித்தான், எடிட்டரின் நகலையே வாங்கிக்கொள்ளும். எடிட்டரை முழுசாக மூடித் திறந்தால் மாறி வந்துவிடும்.