கினோசாகி வெந்நீர் ஊற்று: தோழியோடு போகுமுன்

ஜப்பானின் ஒசாகாவிலிருந்து 'கோனோதோரி' விரைவு ரயிலில் ஏறினால் கினோசாகி மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஊரின் புகழே 7 பொதுக் குளியல்கள்தான். விடுதியில் தங்குபவர்களுக்கு அதற்கான அனுமதிச் சீட்டு இலவசம். ஏழு குளியல்களையும் ஒரே மாலையில் முடிக்க ஓடாதீர்கள், தலை சுற்றும். நீர் 42 டிகிரியை ஒட்டிச் சுடும். மூன்று போதும், ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 நிமிடம், நடுவே நிறையத் தண்ணீர்.

தொட்டியில் இறங்குமுன் குட்டி முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு நுரை முழுக்கப் போகக் குளித்துவிட வேண்டும். சின்னத் துண்டு நீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வையுங்கள். நீச்சலுடை கிடையாது (கூச்சம் இரண்டு நிமிடத்தில் போய்விடும்). யுகாதாவில் (மெல்லிய பருத்தி அங்கி) இடப்பக்க மடிப்பு மேலே வரட்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. குளியல்களுக்கு வார விடுமுறை வெவ்வேறு நாள். விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.